விறகு அடுக்கைத் தேடி: டெக்சாஸில் ஆறு நாள்

அக்டோபர் 8, 2019, செவ்வாய் – ஆஸ்டின்

நேற்று ஆயுத பூஜை. தம்பி காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினான். பூஜை நாள் என்பதால் வீட்டில் கறி இல்லை. டெக்சாஸ் வந்து முதன்முதலாகப் பார்பிக்யூ, அதாவது விறகுப் புகையில் வெந்த கறி, சாப்பிடக் கிளம்பியது இன்று மதியம்தான். ஏமாந்து திரும்பினோம்.

கடையின் பெயர் வேண்டாம். போனில் தேடினால் மேலே வரும் கடைகளில் ஒன்று, நட்சத்திரம் நாலரைக்கு மேல். உள்ளே ஏசி சில்லென்று இருந்தது. பாட்டு ஓடியது, பரிமாறிய பெண் சிரித்த முகமாக இருந்தாள். தட்டில் வந்த கறி மட்டும் சாம்பல் நிறத்தில், பிழிந்து போட்ட துணி மாதிரி நார்நாராகக் கிடந்தது. மேலே இனிப்பான சிவப்புச் சாஸ். புகை வாசனை இருந்ததே அந்தச் சாஸில்தான். இரண்டு பேருக்கு 46 டாலர், டிப்ஸ் தனி.

காரை எடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கட்டடத்தைச் சுற்றி எங்கேயும் ஒரு சுள்ளிகூட இல்லை.

"டேய், விறகே இல்லாம எப்படிடா புகை வரும்?"

"நிறைய கடையில கேஸ் அடுப்புதான்க்கா. வாசனைக்கு நாலு கட்டையைச் சொருகுவாங்க."

எங்கள் அப்பா ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதிப் பக்கம் முப்பது வருஷம் விறகைக் கரியாக்கும் கரிமூட்டம் போட்டவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் புத்தகப் பையை வைப்பது விறகு அட்டியின் மேல்தான். விறகைப் பார்த்தால் ஈரமா காய்ந்ததா, தூரா கொப்பா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள் விறகே இல்லாத கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன் என்ற வருத்தம் வீடு வரும் வரைக்கும் தீரவில்லை.

ராத்திரி ஒரு முடிவுக்கு வந்தோம். இனி எந்தக் கடையானாலும் முதலில் பின்பக்கம் ஒரு சுற்று. விறகு அடுக்கு இருந்தால்தான் முன்வாசல்.

அக்டோபர் 9, புதன் – லாக்ஹார்ட்

ஆஸ்டினிலிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டர். ஊர் நடுவில் 1894-இல் கட்டிய நீதிமன்றம், அதைச் சுற்றிக் கடைவீதி. 'டெக்சாஸின் பார்பிக்யூ தலைநகரம்' என்று 1999-இல் மாநிலச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டுக் கொடுத்த பட்டம் இந்த ஊருக்கு இருக்கிறது. அதை நம்பி வரவில்லை. காரை நிறுத்திக் கதவைத் திறந்ததும் வந்த வாசனையைத்தான் நம்பினேன். ஊரே அடுப்பங்கரை மாதிரி மணந்தது.

ஸ்மிட்டிஸ் மார்க்கெட்டுக்குப் பின்பக்க வாசல் வழியாகப் போனோம். அங்கேதான் விறகு அடுக்கு. போஸ்ட் ஓக் என்கிற மரம், நன்றாகக் காய்ந்து நுனியில் விண்டிருந்தது. கதவைத் தள்ளினால் உள்ளே இருட்டு. சுவர், கூரை எல்லாம் கருப்பு. அழுக்கில்லை, நூறு வருஷப் புகை. நீளமான செங்கல் தொட்டிகள்தான் அடுப்பு, மேலே இரும்பு மூடி. தொட்டியின் வாயில், வெறும் தரையில், கணுக்கால் உயரத்துக்கு நெருப்பு எரிகிறது. மறைப்பு எதுவும் கிடையாது. வரிசை அந்த நெருப்புக்குப் பக்கத்திலேயே நகர்கிறது. நெருப்பு வெளியே, கறி உள்ளே. சூட்டையும் புகையையும் மறுகோடியில் இருக்கும் புகைக்கூண்டு இழுத்துக்கொள்கிறது.

நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றதில் துப்பட்டா தோளிலிருந்து நழுவியதைக் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற வயதான அம்மா குனிந்து நுனியை எடுத்து, இரண்டாக மடித்து, என் கையில் வைத்து, விரல்களையும் மூடிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி நன்றி சொன்னபோது கையைத் தட்டிக் கொடுத்தார்.

வெட்டுகிறவர் எடை கேட்கிறார். அரைப் பவுண்டு பிரிஸ்கெட், இரண்டு சாசேஜ். பழுப்புத் தாளில் கறியை வைத்து, நாலு ரொட்டித் துண்டைப் போட்டு, மடித்துத் தருகிறார். தட்டு கிடையாது. அந்தத் தாள்தான் தட்டு, வாழை இலை மாதிரி. பிரிஸ்கெட் என்பது மாட்டின் நெஞ்சுக்கறி. நாள் முழுக்க உடம்பின் பாரத்தைத் தாங்குகிற சதை என்பதால் நார் அதிகம், விலை குறைந்த கறியாகத்தான் இருந்திருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் மெல்லிய சூட்டில் கிடந்தால் அந்த நாரெல்லாம் உருகிப் பாயாவின் பிசுபிசுப்புக்கு வந்துவிடுகிறது. உப்பு, மிளகு, புகை. நாக்குக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

இது எப்படி வந்தது என்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய ஜெர்மானியர்களும் செக் நாட்டவர்களும் கறிக்கடை வைத்தார்கள். குளிர்பெட்டி இல்லாத காலம். விற்காத கறியைப் புகையில் போட்டார்கள், துண்டு துணுக்கைச் சாசேஜில் அடைத்தார்கள். பருத்தி எடுக்க வந்த கூலிக்காரர்கள் அதைத் தாளில் வாங்கி, கடையிலேயே கிடைத்த உப்பு பிஸ்கெட்டோடு நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கறிக்கடை சாப்பாட்டுக் கடையானது அப்படித்தான். எடைபோட்டு விற்பதும் தாளும் அந்தக் காலத்து மிச்சம்.

இந்தக் கட்டடத்துக்கு ஒரு குடும்பக் கதையும் உண்டு. 1900-இல் தொடங்கிய க்ரைட்ஸ் மார்க்கெட் இருந்தது இங்கேதான். 1948-இல் ஷ்மிட் என்பவர் வாங்கினார். அவருக்குப் பிறகு வியாபாரம் மகன்களிடம், கட்டடம் மகளிடம். ஒத்துவரவில்லை. 1999-இல் மகன் ரிக் ஷ்மிட் ஊரின் வடக்கே புதுக் கட்டடம் கட்டி, கடையின் பழைய பெயரோடு அங்கே போய்விட்டார். பழைய கட்டடத்தில் மகள் ஸ்மிட்டிஸைத் தொடங்கினார். புதுக் கடைக்குப் போனபோது பழைய அடுப்பிலிருந்து கங்கை ஒரு தகரத் தொட்டியில் அள்ளி, தெருவழியே இழுத்துக்கொண்டு போய்த்தான் புது அடுப்பைப் பற்றவைத்தார்கள். இதைக் கேட்டதும் எனக்கு அக்கினிச்சட்டிதான் ஞாபகம் வந்தது. குடும்பம் இரண்டானாலும் நெருப்பு ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்த மனுஷர்களை எனக்குப் பிடித்துவிட்டது.

க்ரைட்ஸிலும் சாப்பிட்டோம். களஞ்சியம் மாதிரி பெரிய இடம், காற்றோட்டமாக இருக்கிறது. வெகுகாலம் அங்கே சாஸும் முள்கரண்டியும் தராமலே விற்றிருக்கிறார்கள். கையால் சாப்பிடுகிறவளுக்கு இதைவிட மரியாதை வேண்டாம். பிளாக்ஸ் என்று 1932-இலிருந்து ஒரே குடும்பம் நடத்தும் கடையும் இருக்கிறது. வாசல் வரைக்கும் போய், வயிற்றில் இடமில்லாமல் திரும்பினோம். மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று நினைத்தது தப்பு. இரண்டு போதும்.

மாட்டுக்கறி சாப்பிடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கோழியோ வான்கோழியோ பல கடைகளில் இருக்கிறது, பன்றி விலாவும் கிடைக்கும். ஆனால் எல்லாம் ஒரே அடுப்பில்தான் வேகிறது. சாசேஜில் மாடும் பன்றியும் கலந்திருக்கும், கேட்டு வாங்குங்கள்.

அக்டோபர் 10, வியாழன் – லானோ

வெயில் கொளுத்தியது, 34 டிகிரி. ஆஸ்டினிலிருந்து வடமேற்கே 120 கிலோமீட்டர். முதலில் ஓக் மரங்களும் சுண்ணாம்புக் குன்றுகளும். பிறகு பாறை செந்நிறமாகிறது. லானோவை நெருங்கும்போது சாலையோரத்தில் ஒரு மரம். அப்புறம் பத்து மரம். அப்புறம் காடாகவே.

"காரை நிறுத்துடா."

"என்னக்கா?"

"கருவைடா அது!"

இறங்கிப் போய்ப் பார்த்தேன். வளைந்த அடிமரம், சிறுசிறு இலை, வெளிறிய நெற்று, விரல் நீளத்துக்கு முள். நம்ம ராமநாதபுரம் ரோட்டோரம் அப்படியே எழுந்து வந்து நின்ற மாதிரி. நம்ம சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மரம் என்று படித்திருக்கிறேன். இவர்கள் மெஸ்கீட் என்று சொல்லும் இது அதன் நெருங்கிய பங்காளி. அங்கே வந்தேறி, இங்கே மண்ணின் மரம். ஒரு நெற்றைக் கடித்தேன். இனிப்பு. சின்ன வயதில் ஆடு மேய்க்கும்போது கடித்த அதே இனிப்பு.

கூப்பர்ஸ் கடையில் பின்பக்கம் போகத் தேவையே இல்லை, எல்லாம் வாசலில்தான். மலை மாதிரி மெஸ்கீட் விறகு. பெரிய இரும்பு உலையில் கட்டைகளை எரித்துக் கங்காக்குகிறார்கள். நீளக் காம்பு வைத்த மண்வாரியால் அந்தக் கங்கை அள்ளிப் பெட்டி அடுப்புகளின் அடியில் பரப்புகிறார்கள். லாக்ஹார்ட்டில் பார்த்தது வேறு, இது வேறு. அங்கே நெருப்பு ஒதுங்கி நின்று புகையை அனுப்புகிறது. இங்கே கறி நேரே தணலுக்கு மேலே வேகிறது, கொழுப்பு சொட்டி அது புகையாகி மறுபடி கறியில் ஏறுகிறது.

கங்கு அள்ளிய இளைஞனிடம் ஏன் கட்டையை நேராகப் போடவில்லை என்று கேட்டேன். "மெஸ்கீட் பச்சையாக எரிந்தால் புகை கசக்கும் மேம். முதலில் எரியவிட்டு, கசப்பு போனபிறகுதான் கறிக்குக் காட்டுவோம்" என்றான். என் அப்பா சொல்கிற அதே வாக்கியம். கருவை விறகை அடுப்பில் வைத்தால் கண்ணைக் கரிக்கும், கரியாக்கினால் அதைவிட நல்ல தணல் இல்லை. எங்கள் ஊரிலும் இதே ஜாதி மரம்தான், அப்பா அதில் கரி சுட்டுத்தான் எங்களைப் படிக்க வைத்தார் என்றேன். அவன் மண்வாரியை ஊன்றி நின்று, மூட்டம் எப்படிப் போடுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். விறகை அடுக்கி, வைக்கோல் இலைதழை போட்டு, மண் பூசி மூடி, ஓட்டை விட்டு, உள்ளேயே புகையவிடுவதைக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். இங்கேயும் மாடு வளர்ப்பவர்களுக்கு இந்த மரம் ஆகாதாம். புல்லைத் தின்றுவிடுகிறது, வெட்டினால் மறுபடி துளிர்க்கிறது என்கிறார்கள். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது எங்கள் ஊரில் நடந்த பேச்சும் இதுதான்.

மூடியைத் தூக்கிக் காட்டுவார்கள், வேண்டியதை விரல் நீட்டிச் சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டு அங்குலக் கனத்தில் ஒரு பன்றிக்கறித் துண்டும், கொஞ்சம் ஆட்டுக்கறியும் எடுத்தோம். வெள்ளாட்டுக் குட்டியை இங்கே ஸ்பானிய மொழியில் கப்ரீத்தோ என்கிறார்கள். புளிப்பான தண்ணிச் சாஸில் முக்கட்டுமா என்று கேட்டார்கள், பாதியை மட்டும் முக்கச் சொன்னேன். உள்ளே எடை. மொத்தம் 38 டாலர். பீன்ஸ் இலவசம், வேண்டுமளவுக்கு ஊற்றிக்கொள்ளலாம். நீள பெஞ்சுகள், மேசை நடுவே ரொட்டிப் பாக்கெட், பேப்பர் சுருள், யார் பக்கத்திலும் யாரும் உட்காரலாம். எதிரே இருந்த விவசாயி ஊறுகாய் போட்ட பச்சைமிளகாய்க் கிண்ணத்தை எங்கள் பக்கம் தள்ளி, "பார்த்து, உறைக்கும்" என்றார். தம்பி நாலு மிளகாயைக் கடித்துக் காட்டியதும் எழுந்து நின்று கை கொடுத்தார்.

ஆட்டுக்கறி. என்ன சொல்ல. தோல் ஓரம் முறுகி, எலும்பைத் தொட்டால் சதை கழன்று வந்தது. பொங்கலுக்கு அடுத்த நாள் மூட்டத்தைப் பிரித்தபிறகு மிச்சமிருந்த கங்கில் அப்பா கம்பியில் குத்திச் சுட்டுத் தந்த கறியின் வாசனை. முப்பது வருஷத்துக்குப் பிறகு அதை லானோவில் முகர்ந்தேன்.

ராத்திரி எட்டரைக்கு, ஊரில் காலை ஏழு மணிக்கு, அப்பாவுக்குப் போன் போட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது: "ஏத்தா, மூட்டம் போடாமயா எரிக்கிறாங்க? பாதி விறகு சாம்பலாப் போயிருமே."

அக்டோபர் 11, வெள்ளி – டெய்லர்

விடிகாலையில் கதவை உலுக்கிய காற்றில் எழுந்தேன். வடக்கிலிருந்து குளிர்க்காற்று இறங்கிவிட்டது. நேற்று 34 டிகிரி, இன்று மதியம் பன்னிரண்டுகூட இல்லை, தூறல் வேறு. நான் கொண்டுவந்தது எல்லாம் பருத்திச் சுடிதார். தம்பியின் ஜெர்க்கினை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் ஒரு சாலையோரத் தள்ளுவண்டிக் கடை. பெட்ரோல் பங்க்கில் சொன்ன இடம், பின்னால் நல்ல விறகு அடுக்கும் இருந்தது. பன்னிரண்டரைக்கே 'தீர்ந்துவிட்டது' அட்டை தொங்கியது. இங்கே நல்ல கடைகள் விடிகாலையில் வெந்ததை மட்டும்தான் விற்கும், தீர்ந்தால் மறுநாள்தான். பதினொரு மணிக்கே போய்விட வேண்டும்.

டெய்லரில் லூயி மியூலர் கடை திறந்திருந்தது. 1949-இல் தொடங்கியது. 1959-இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தார்கள், ஒரு காலத்தில் அது விளையாட்டரங்கம். அதனால் கூரை உயரம். சுவர் முழுக்கக் காபிக் கஷாய நிறம். பலகையில் வாடிக்கையாளர்கள் குத்திவிட்டுப் போன விசிட்டிங் கார்டுகளும் புகையில் வெந்து அதே நிறத்துக்கு வந்துவிட்டன. புதுசு எது பழசு எது என்று நிறத்தை வைத்தே சொல்லலாம். மழையில் நனைந்து உள்ளே நுழைந்தவளுக்கு அந்தச் சூடு பெரிய உபசாரம்.

வரிசையில் நிற்கும்போதே வெட்டுகிறவர் ஓரத்தில் கருகிய ஒரு துண்டை நீட்டினார். ருசி பார்க்க, காசு கிடையாது. வாயில் போட்டதும் மிளகு. இடித்த மிளகு, கரகரவென்று, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. மாட்டு விலா ஒன்று வாங்கினோம். என் முழங்கை நீளம் எலும்பு, எடைக்கு 30 டாலருக்கு மேல் ஆனது, இரண்டு பேருக்குத் தாராளம். வெளியே கருப்புப் பொருக்கு, அதற்குக் கீழே ரோஜா நிறத்தில் ஒரு வளையம். சாயமோ என்று சந்தேகப்படுவார்கள். விறகு எரியும்போது வரும் வாயு கறியில் இருக்கும் நிறமியோடு சேர்ந்து அந்த நிறத்தை நிறுத்திவிடுகிறது.

இவ்வளவு நேரம் ஏன் ஆகிறது என்பதற்குத் தம்பி சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது. கறியின் உள்சூடு எழுபது டிகிரி பக்கம் வந்ததும் மணிக்கணக்கில் அங்கேயே நின்றுவிடுமாம். நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும், சூடு ஏறாது. கறியிலிருந்து ஈரம் வெளியே வந்து ஆவியாகி அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கிறது. நம்ம மண்பானையில் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. பொறுமை இல்லாதவர்கள் அந்த நேரத்தில்தான் நெருப்பைக் கூட்டிக் கெடுத்துவிடுவார்கள்.

அக்டோபர் 12, சனி – லெக்சிங்டன்

மூன்று மணிக்கு அலாரம். வெளியே எட்டு டிகிரி இருக்கும். ஒன்றேகால் மணி நேரம் இருட்டில் ஓட்டி ஐந்து மணிக்கு முன்னால் லெக்சிங்டன் சேர்ந்தோம். ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஊர். அங்கே ஸ்நோஸ் என்ற கடை சனிக்கிழமை மட்டும் திறக்கும், காலை எட்டு மணிக்கு. சனிக்கிழமை இந்த ஊரில் மாட்டுச் சந்தை ஏலம் நடக்கும், அதற்கு வருகிறவர்களுக்காக வைத்த நாள் அது. 2003-இல் தொடங்கி ஊர்க்காரர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்த கடையை, 2008-இல் 'டெக்சாஸ் மன்த்லி' பத்திரிகை மாநிலத்திலேயே முதலிடம் என்று எழுதியது. 2017-இலும் அதே இடம் கொடுத்தது. எங்களுக்கு முன்னால் நாற்பது பேராவது இருந்தார்கள்.

கடை திறக்க மூன்று மணி நேரம். வரிசையில் யாரும் சிடுசிடுக்கவில்லை. முன்னால் நின்ற தம்பதி டெக்சாஸின் கிழக்கிலிருந்து வந்தவர்கள். நான் நடுங்குவதைப் பார்த்துக் காரிலிருந்து ஒரு கம்பளியும் மடக்கு நாற்காலியும் எடுத்து வந்தார்கள். அவர்கள் பக்கம் விறகு ஹிக்கரி மரம், கறியைக் கொத்தி, சாஸில் பிரட்டி, பன்னுக்குள் வைப்பார்களாம். கறுப்பின மக்களின் கைப்பக்குவம் அது என்றார்கள். பின்னால் நின்ற பெண்ணுக்கு மெக்சிகோ எல்லைப் பக்கம். அவள் பாட்டி மண்ணில் குழி வெட்டி, கங்கு நிரப்பி, மாட்டுத் தலையை இறக்கி, ராத்திரி முழுக்க மூடி வைப்பாராம். அதற்குப் பெயர் பார்பகோவா. எல்லை ஊரான பிரவுன்ஸ்வில்லில் வேராஸ் என்ற கடை 1955-இலிருந்து இன்னும் குழியில்தான் செய்கிறது, மெஸ்கீட் கங்கில், வாரக் கடைசியில் மட்டும் என்றாள். மண்ணைப் போட்டு மூடுவது என்றதும் எனக்கு அப்பாவின் மூட்டம்தான் கண்ணில் வந்தது. இங்கிருந்து பிரவுன்ஸ்வில் அறுநூறு கிலோமீட்டர் பக்கம். எனக்கு மிச்சமிருப்பது ஒரே நாள்.

கொட்டகைக்குப் பக்கத்தில் நின்று டூட்ஸி டொமனெட்ஸ் அம்மாவைப் பார்த்தேன். 1935-இல் பிறந்தவர், இப்போது 84 வயது. 1966-இலிருந்து இந்த வேலை. வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் துப்புரவு, பராமரிப்பு வேலை பார்த்தவர். போன வருஷம் பார்பிக்யூ பெருமைக் கூடத்தில் அவர் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். நான் பார்த்தது இதுதான்: ஏப்ரன் கட்டிய ஒல்லியான அம்மா நீள மண்வாரியில் கங்கை அள்ளுகிறார். கை நடுங்கவில்லை. அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே வீசவில்லை, இந்த மூலைக்கு ஒரு கை, அந்த மூலைக்கு அரைக் கை என்று வைக்கிறார். மூடியைத் திறந்து உள்ளங்கையைக் கறிக்கு மேலே ஒரு கணம் காட்டுகிறார். அதுதான் அளவு. பிறகு வாளியில் இருக்கும் வெங்காயமும் வினிகரும் சேர்ந்த குழம்பில் சின்னத் துடைப்பத்தை முக்கி, பன்றிக்கறி மேலே பூசுகிறார். தோசைக்கல்லில் எண்ணெய் தேய்க்கிற வேகம். சொட்டு கங்கில் விழுந்து சீறுகிறது. ஆட்கள் படம் எடுக்கக் கேட்டால் மண்வாரியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து நிற்கிறார், தோளில் கை போட்டுக்கொள்கிறார், திரும்பி அடுப்புக்கே போகிறார். என்னிடம் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். இந்தியா என்றதும், "அவ்வளவு தூரமா! சாப்பிட்டாயா?" என்றார். ஊரில் எந்த வீட்டு வாசலிலும் கேட்கிற கேள்வி. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

எட்டரைக்கு எங்கள் முறை. பிரிஸ்கெட்டை வேண்டுமென்றே கொஞ்சமாக வாங்கினோம். பன்றித் தோள்கறிதான் இங்கே வாங்க வேண்டியது. கங்குக்கு நேர் மேலே ஆறு மணி நேரம் பக்கம் வெந்தது, ஓரம் முறுகல், நடுவில் சாறு, அந்தப் புளிப்புக் குழம்பு உள்வரை இறங்கியிருக்கிறது. இத்தனை நாள் சாப்பிட்டதில் எனக்கு இதுதான் முதல். லானோ ஆட்டுக்கறி அடுத்தது. தம்பி ஒப்புக்கொள்ளவில்லை, அவனுக்கு மிளகு விலாதான். கம்பளியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்தத் தம்பதி பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்கும் ஒரு சாசேஜ் எடுத்து வைத்தார்கள். நாங்கள் ஒரு துண்டு தோள்கறி கொடுத்தோம்.

அக்டோபர் 13, ஞாயிறு – ஆஸ்டின்

வெளியே எங்கும் போகவில்லை. வயிறு ரசம் கேட்டது. வைத்தேன். மிச்சமிருந்த அரைப் பவுண்டு பிரிஸ்கெட்டைச் சின்னதாக நறுக்கி, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை போட்டுப் பிரட்டினேன். வேகவைக்க வேண்டியதில்லை, சூடேறினால் போதும். கொழுப்பு உருகியதும் சட்டியிலிருந்து புகை வாசனை எழுந்தது. ரசம் சாதத்துக்கு அப்படி ஒரு துணை. தம்பி மூன்று முறை சாதம் வாங்கினான். என் துப்பட்டாவை இரண்டு தடவை துவைத்தும் லாக்ஹார்ட் போகவில்லை.

மாலையில் காய்கறி வாங்கப் போன சூப்பர் மார்க்கெட்டில் அடுக்கடுக்காகக் கரி மூட்டைகள். காகிதப் பை, மேலே மெஸ்கீட் என்று பெரிதாக எழுதியிருந்தது. எட்டுப் பவுண்டு பை ஏழு டாலர் சொச்சம். ஒரு பை வாங்கி வந்தேன். தம்பி வீட்டில் கரி அடுப்பு கிடையாது, பால்கனியில் ஒரு சின்ன அடுப்பு வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று வாடகைக்கு விட்டவர்களிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

ராத்திரி அப்பாவிடம் விலையைச் சொன்னேன். மூன்றரைக் கிலோவுக்கு ஐந்நூறு ரூபாய் என்றதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. நாலைந்து டன் விறகு எரித்தால் ஒரு டன் கரி, அதை அவர் கமிஷன் கடையில் என்ன விலைக்குப் போட்டார் என்பது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கேட்டார்:

"தூர்க் கரியா, கொப்புக் கரியா?"

பையைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டும் கலந்திருந்தது. சொன்னேன்.

"நல்லா வெந்திருக்கா?"

வெந்த கரி தட்டினால் கணீரென்று சத்தம் வரும், வேகாதது மொக்கையாகக் கேட்கும். சின்ன வயதில் மூட்டம் பிரிக்கிற அன்றைக்கு அதைத் தட்டிப் பார்ப்பது என் வேலை.

"தட்டிக் காட்டுத்தா" என்றார்.

போனைத் தரையில் பக்கத்தில் வைத்து, இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினேன்.